கடல்புல் படங்களை எதில் வைப்பது: ஜேபெக்கா, டிஃப்பா, ராவா?

கேள்வி: 9 பிப்ரவரி, மாலை 6.20

"தொண்டிப் பக்கம் கடல்புல் படுகையில் சதுரச் சட்டம் போட்டுப் படம் எடுக்கப் போகிறேன். முதுகலை ஆய்வு. மொத்தம் 600 படம் வரும். லேப்டாப்பில் இடமில்லை. ஜேபெக்கில் போட்டு இன்னும் சுருக்கி வைத்தால் போதும் என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. சுருக்கலாமா?"

9 பிப்ரவரி, இரவு 10.15

சுருக்க வேண்டாம் தங்கச்சி. வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மைதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாததைத்தான் ஜேபெக் முதலில் கழித்துக்கட்டும், அதற்காகவே செய்த முறை அது. ஆனால் நீங்கள் அந்தப் படத்தைப் பார்ப்பதோடு நிற்கப் போவதில்லை. எண்ணப் போகிறீர்கள், அளக்கப் போகிறீர்கள்.

மண்டபம் ஊரில் இந்த ஸ்கேன் கடை வைப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் ஆய்வுக் குழுக்களோடு தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், முங்கியிருக்கிறேன். 50 செ.மீ.க்கு 50 செ.மீ. பிவிசி சட்டத்தைப் புல் மேல் வைத்து, நேர் மேலேயிருந்து ஒரு படம். ஒரு நாள் 140 படம் எடுத்தோம். ஆய்வாளர் அன்று மாலையே வேண்டும் என்றார். போனில் படம் அனுப்பும் செயலி ஒன்றில் அத்தனையையும் தள்ளிவிட்டேன். மறுநாள் கடலுக்குப் போக கார்டில் இடம் வேண்டுமே என்று இரவே எல்லாவற்றையும் அழித்தும் விட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கேள்வி வந்தது. சட்டத்துக்குள் இருப்பது சைமோடோசியா செருலாட்டாவா, சைமோடோசியா ரோட்டண்டாட்டாவா? இரண்டும் நம் கடலில் சேர்ந்தே வளரும், தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இலை நுனியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். செருலாட்டாவின் நுனியில் ரம்பம் மாதிரிப் பல் இருக்கும். ரோட்டண்டாட்டாவின் நுனி மழுமழுவென்று இருக்கும்.

கேமரா கொடுத்தது 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்). அதில் சட்டம் மட்டும் சுமார் 2500 புள்ளி அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 5 புள்ளி. செயலி வழியாகப் போய்ச் சேர்ந்தது 1600க்கு 1200. மில்லிமீட்டருக்கு 2 புள்ளி. அதற்கு மேல் கோப்பைச் சிறுக்கவைக்கிற அழுத்தம் வேறு. நுனியில் பல் இருந்த இடத்தில் பச்சையாக ஒரு மங்கல்தான் மிச்சம். திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் அதற்குள் கச்சான் காற்று பிடித்துவிட்டது, தென்கடல் கலங்கிப்போனது. அந்த மாதத்துப் புல் அந்த மாதத்தோடு போயிற்று. ஆய்வேட்டில் அந்தப் பத்தி "இனம் பிரித்தறிய இயலவில்லை" என்றுதான் அச்சாகியிருக்கிறது. இன்றுவரை அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

டிஃப்பில் எடுங்கள். ஒரு புள்ளிகூட இழக்காமல் படத்தைச் சேமிக்கிற வகை அது.

10 பிப்ரவரி, காலை 6.50

படிக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று. ஜேபெக் படத்தைத் திறந்து பார்ப்பதால் கெடாது. பென்டிரைவில் நகல் எடுப்பதால் கெடாது. நூறு தடவை நகல் எடுத்தாலும் அதே படம்தான். திறந்து, வெட்டியோ வெளிச்சம் கூட்டியோ, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் தேயும்.

10 பிப்ரவரி, மதியம் 2.30

"என்னதான் செய்கிறது அது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடையில் கூட்டமில்லை, எழுதுகிறேன்.

ஜேபெக் 1992இல் பொதுத் தரமுறையாக வந்தது. முதல் வேலையாக வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுட்பமாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது. அதனால் பெரும்பாலும் நிறத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். நான்கு புள்ளிக்கு ஒரே நிறம். அடுத்து படம் முழுவதையும் 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மெதுவாக மாறுவது எவ்வளவு, வேகவேகமாக மாறுவது எவ்வளவு என்று கணக்கெடுக்கும். வேகமாக மாறுவதற்கான எண்களைப் பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கும். பாதிக்கு மேல் சைபராகிவிடும். சைபர்களை வரிசையாகச் சேர்த்து மடித்து வைப்பது சுலபம், கோப்பு சிறுத்துவிடும். தரத்தை 100 என்று வைத்தாலும் இந்த முழு எண்ணாக்கல் உண்டு, இழப்பும் கொஞ்சம் உண்டு.

என் 140 படத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு 2 புள்ளி என்றால் ஒரு கட்டத்துக்குள் 4 மில்லிமீட்டர் தரை. நிறத்துக்கான கட்டம் அதைப்போல இரண்டு மடங்கு, 8 மில்லிமீட்டர். சைமோடோசியா இலையின் அகலமே சில மில்லிமீட்டர்தான். இலையின் பச்சையும் பக்கத்து மணலின் வெளுப்பும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து கலந்துவிடும். நுனியிலுள்ள பல் என்பது வேகமாக மாறுகிற வகை, வகுத்ததும் சைபராகிறவை அவைதான்.

11 பிப்ரவரி, இரவு 9.05

இரண்டு திருத்தம்.

ஏர்வாடித் தம்பி சொன்னது சரி. தண்ணீருக்குள் கொண்டுபோகிற சின்ன கேமராக்களில் டிஃப் என்ற தேர்வே இருக்காது. ஜேபெக் இருக்கும், கொஞ்சம் நல்ல கேமராவில் ராவும் (கேமரா வாங்கியதை அப்படியே வைக்கிற வகை) இருக்கும். "டிஃப்பில் எடுங்கள்" என்று நான் எழுதியது ஸ்கேனர் பழக்கத்தில் வந்த தவறு. ரா இருந்தால் ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் அமைப்பில் உள்ளதிலேயே உயர்ந்த தரத்து ஜேபெக், முழு அளவு. அதுவே போதும், அதன் மேல் எதையும் சேமிக்காமல் இருந்தால்.

இரண்டாவது, தங்கச்சி எழுதியது: "அப்படியானால் என்னிடம் இருக்கிற பழைய ஜேபெக்குகளை எல்லாம் டிஃப்பாக மாற்றிவிடுகிறேன்." மாற்றலாம், கோப்பு பெருக்கும், படம் திரும்பாது. கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பச்சை மீன் ஆகுமா? இனிமேல் அந்தப் படத்தில் திருத்த வேலை இருந்தால், திருத்திய நகலை டிஃப்பிலோ பிஎன்ஜியிலோ வையுங்கள், மேற்கொண்டு தேயாது. அந்த அளவுக்குத்தான் பயன்.

13 பிப்ரவரி, காலை 7.30

ரா பற்றி. கேமராவின் உணரி வாங்கிய வெளிச்சக் கணக்கை நிறம் கலக்காமல், அழுத்தி வீணாக்காமல் வைத்திருப்பது ரா. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். 12 பிட் ராவில் 4096 படி, 14 பிட்டில் 16,384.

கரையில் எடுக்கிற கல்யாணப் படத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தண்ணீருக்குள் தெரியும். சிவப்பு வெளிச்சத்தைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே குடித்துவிடும். நான்கு ஆள் ஆழத்தில் எடுத்த படம் நீலமும் பச்சையுமாகத்தான் வரும். ஜேபெக்கில் சிவப்புக்கு மிச்சம் இருப்பது அடியில் கிடக்கிற பத்து இருபது படி. அதை இழுத்து மேலே கொண்டுவந்தால் திட்டுத்திட்டாக உடையும். ராவில் அதே இடத்தில் நூற்றுக்கணக்கில் படி இருக்கும், இழுத்தால் வரும். பவளம் வெளுத்திருக்கிறதா, சும்மா வெளிர் நிறமா என்று தீர்மானிக்கிற இடத்தில் இது சின்ன விஷயமே இல்லை. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது. அந்த மாதிரி ஒரு வருஷத்தில் நிறம் தப்பாக இருக்கிற படம் பொய் சாட்சி சொல்லும்.

சட்டத்தின் ஒரு மூலையில் வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். பிறகு கணினியில் அதைத் தொட்டு "இது வெள்ளை" என்று சொன்னால் மற்ற நிறம் அதற்கு ஏற்றபடி நேராகும்.

ராவில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு கேமராக் கம்பெனிக்கும் ஒவ்வொரு வகை. அதற்காக 2004இல் அடோபி டிஎன்ஜி என்ற பொது வகையைக் கொண்டுவந்தது. மாற்றினாலும் அசல் ராவை அழிக்காதீர்கள்.

13 பிப்ரவரி, காலை 7.45

எண்ணுகிற மென்பொருள் ஜேபெக்தான் கேட்கிறது என்றால் நகல் ஒன்றை ஜேபெக்காக்கிக் கொடுங்கள், தப்பில்லை. இமேஜ்ஜே மாதிரி மென்பொருள் டிஃப்பை நேராகத் திறக்கும், தானாகச் சேமிப்பதும் டிஃப்பில்தான். பரப்பளவு அளப்பவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

16 பிப்ரவரி, இரவு 11.20

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அண்ணன்) கேட்டிருக்கிறார். கடல்புல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் பாட்டனார் தனுஷ்கோடி வழியாக தலைமன்னாருக்குக் கப்பலில் போய்வந்த காலத்துப் படம். 3க்கு 4 அங்குலம், கறுப்பு வெள்ளை. டிரங்குப் பெட்டியோடு நிற்கிறார். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது, அந்த ஊரே இப்போது இடிந்த சுவர்கள்தான். வெளியூரில் ஒரு கடையில் "சுத்தம் பண்ணி"க் கொடுத்திருக்கிறார்கள். முகத்தைப் பளபளவென்று ஆக்கி, சுருக்கத்தை எல்லாம் தேய்த்து, பின்னணியை வெளுத்து, அதே பெயரில் ஜேபெக்காக மேலேயே சேமித்துவிட்டார்கள். ஸ்கேன் செய்த முதல் கோப்பு இல்லை. நல்லவேளை, காகிதப் படம் காக்காவின் கையில் இருக்கிறது.

கொண்டுவாருங்கள் காக்கா. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) நிறத்தோடு ஸ்கேன் செய்தால் 1800க்கு 2400 புள்ளி, கோப்பு சுமார் 13 எம்பி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்கு நிறம் என்று கேட்கலாம். பழுப்பேறியது, மை ஊறியது, பூசணம் பிடித்தது எல்லாம் நிறத்தில்தான் பிரிந்து தெரியும். டிஃப்பில் எல்இசட்டபிள்யூ அழுத்தம் போட்டு வைத்தால் கொஞ்சம் சிறுக்கும், ஒரு புள்ளிகூடப் போகாது. அந்தக் கோப்பை யாரும் தொடக் கூடாது. முகத்தைத் திருத்துவதெல்லாம் நகலில்.

முதுகையும் ஸ்கேன் செய்ய வேண்டும். போன வருஷம் இதேபோல ஒரு படம் வந்தது. பின்பக்கம் கொழும்பு ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை. அதன் கீழே பென்சிலில் அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஒரு வரி, வெறும் கண்ணுக்கு வெள்ளிக் கோடு போலத்தான் இருந்தது. டிஃப்பைத் திறந்து மாறுபாட்டைக் கூட்டக் கூட்ட எழுத்து எழுந்து வந்தது. வீட்டிலிருந்த பெரியம்மா வாசித்தார்கள். மகன் பிறந்த செய்தி கிடைத்த நாள் அது. அதே படத்தைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள் முதலில். அதில் அந்த இடம் ஒரே சாம்பல்.

18 பிப்ரவரி, மாலை 5.10

மேலே ஓரிடத்தில் "பிஎன்ஜி" என்று சொல்லிவிட்டு விளக்காமல் விட்டேன். ஜிஃப் 1987இல் வந்தது, 256 நிறம் மட்டும். அதிலிருந்த அழுத்தமுறைக்குக் காப்புரிமைச் சிக்கல் கிளம்பியதால் 1996இல் பிஎன்ஜி வந்தது. இழப்பில்லை, எழுத்தும் கோடும் கூர்மையாக நிற்கும். வரைபடம், அட்டவணை, திரைப்பதிவு (ஸ்கிரீன்ஷாட்) எல்லாம் இதில்தான். ஆய்வேட்டில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்குத் தெரிந்தால் அந்த வரைபடத்தை யாரோ ஜேபெக்காகச் சேமித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அச்சுக்குக் கொண்டுவருகிற பத்து ஆய்வேட்டில் நாலைந்தில் பார்க்கிறேன்.

20 பிப்ரவரி, இரவு 8.40

உச்சிப்புளி ஆசிரியர் ஒருவர் வானத்திலிருந்து எடுத்த படத்தில் கடல்புல் தெரியுமா என்று கேட்டு, திரைப்பதிவு ஒன்றையும் போட்டிருந்தார். சார், ஆழம் குறைந்த தெளிந்த தண்ணீரில் கரும்பட்டையாகத் தெரியும். ஆனால் திரைப்பதிவை வைத்து எதையும் அளக்க முடியாது. எந்த இடம், ஒரு புள்ளி எத்தனை மீட்டர் என்ற குறிப்பே அதில் இல்லை.

ஜியோடிஃப் என்பது டிஃப்தான், உள்ளே அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கும் சேர்ந்திருக்கும். திறந்ததும் பாம்பன் பாம்பனில் போய் உட்காரும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் அப்படித்தான் கிடைக்கின்றன, 2008 முதல் இலவசம், நிறப்படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர். சென்டினல் 2 என்ற செயற்கைக்கோளில் 10 மீட்டர். ஒரு துண்டு 10,980க்கு 10,980 புள்ளி, ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனிக் கோப்பு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும் உண்டு. திரைப்பதிவில் அதெல்லாம் மூன்று நிறமாகச் சுருங்கிவிடுகிறது.

இங்கே என்னையே நான் திருத்திக்கொள்ள வேண்டும். சென்டினல் கோப்புகள் ஜேபெக் 2000 வகை. "ஜேபெக் என்றாலே இழப்பு" என்ற தொனியில் நான் எழுதிவந்தது அதற்குப் பொருந்தாது. பெயரில்தான் உறவு. அது 8க்கு 8 கட்டமாக வெட்டுவதில்லை, வேறு கணக்கு. ஒரு புள்ளிகூட இழக்காமலும் அழுத்த முடியும், வேண்டுமானால் இழந்தும் அழுத்தலாம். நூலகங்கள் சில ஓலைச்சுவடி, செய்தித்தாள் படங்களுக்கு இதை வைத்திருப்பதும் அதனால்தான்.

21 பிப்ரவரி, காலை 9.00

இடம் என்றதும் ஒரு எச்சரிக்கை. போனில் எடுத்த படத்துக்குள் எக்சிஃப் என்ற குறிப்பில் தேதி, நேரம், ஜிபிஎஸ் எல்லாம் பதிந்திருக்கும். ஆய்வுக்கு அது பொக்கிஷம். பொதுவில் போடும்போது அதுவே ஆபத்து. கடல்பசு மேய்கிற இடம், ஆமை முட்டையிட்ட மேடு, கடல் அட்டை கிடக்கிற இடம், இவற்றின் அசல் கோப்பை வெளியே விடாதீர்கள். பிடிக்க வருகிறவனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகும். இடக்குறிப்பை நீக்கிய நகலை மட்டும் போடுங்கள்.

நேரமும் பாருங்கள். பாட்டரி கழன்ற கேமரா பழைய தேதிக்குப் போய்விடும், அந்தத் தேதியையே எழுதிக்கொண்டிருக்கும். தனுஷ்கோடியில் போன் இலங்கை டவரைப் பிடித்தால் நேரம் மாறிவிடாதா என்று ஒருவர் கேட்டார். மாறாது, 2006 முதல் அங்கேயும் நம் நேரம்தான்.

28 பிப்ரவரி, மாலை 4.15

இன்று கடையில் நடந்தது. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பையன், தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் ஏற்ற வேண்டும். 20 முதல் 50 கேபிக்குள், ஜேபெக் மட்டும். நாலு தடவை நிராகரித்துவிட்டது, கடைசி நாள். கோப்பின் பெயர் ஒழுங்காக ஜேபிஜி என்றுதான் முடிகிறது. உள்ளே திறந்து முதல் சில பைட்டைக் காட்டினேன். பி, என், ஜி என்று எழுத்தே இருக்கிறது. பிஎன்ஜி படத்தின் வாலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாற்றினால் உள்ளே மாறாது தம்பி. ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8 என்று தொடங்கும். டிஃப் என்றால் ஐஐ அல்லது எம்எம், அடுத்து 42 என்ற எண். நல்ல மென்பொருள் வாலைப் பார்க்காது, தலையைத்தான் பார்க்கும். முறையாக மாற்றிக் கொடுத்தேன், 38 கேபி, ஏறிவிட்டது.

ஐபோன்காரர்களுக்கு: 2017 முதல் உங்கள் போன் ஹெச்இஐசி வகையில் எடுக்கிறது. பல இடத்தில் திறக்காது. கேமரா அமைப்பில் மாற்றிவிட்டால் ஜேபெக்காகவே விழும்.

6 மார்ச், இரவு 10.50

மூக்கையூர் பக்கம் வத்தை (சிறு படகு) கவிழ்ந்து கேமராவோடு உப்புத் தண்ணீரில் போன கார்டு ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. ஒரு வாரமாக அதோடுதான் இருக்கிறேன். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, முனைகளைத் துடைத்து, தொலைந்த கோப்பை மீட்கிற போட்டோரெக் மென்பொருளை ஓட்டினேன். அது கோப்பின் பெயரைத் தேடாது. மேலே சொன்ன தலை எழுத்துகளைத்தான் தேடும். எஃப்எஃப் டி8 எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு படம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டு அள்ளும்.

212 படம் வந்தது. பாதிக்கு மேல் முழுசு. மிச்சத்தில் ஒரு படத்தைச் சொல்கிறேன். மேல் பாதியில் வானம், பாய்மரம், ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று பாசிக் கோணியைத் தூக்குகிறார். சரியாக அவர் இடுப்புக்குக் கீழே படம் இடப்பக்கம் நகர்ந்து, கடல் ஊதா நிறமாகி, அதற்கும் கீழே வெறும் சாம்பல்.

ஏன் இப்படி என்று படித்ததைச் சொல்கிறேன். ஜேபெக்கில் ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு கூட, குறைய என்றுதான் எழுதியிருக்கும். நடுவில் ஒரு எண் கெட்டால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் தப்பும். அழுத்தாத டிஃப்பில் ஒரு பைட் கெட்டால் ஒரு புள்ளி கெடும், அவ்வளவுதான். அழுத்தம் எவ்வளவுக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குச் சின்னக் காயமும் பெரிதாகப் பரவும். இந்தக் கோணத்தை நான் இதுவரை யோசித்ததே இல்லை. அதற்காக எல்லாவற்றையும் அழுத்தாமல் வைக்கச் சொல்லமாட்டேன். இரண்டு இடத்தில் இரண்டு நகல் வைப்பது அதைவிடப் பலம். ஒன்று கடலோரத்தில் இருந்தால் இன்னொன்று கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற ஊரில், உப்புக்காற்று படாத வீட்டில்.

7 மார்ச், காலை 6.15

நகல் எடுக்கும்போது கவனம். கேமரா 9999 வரை எண் போட்டுவிட்டு மறுபடி 0001க்கு வரும். ஒரே பெயரில் இரண்டு வேறு படம். ஒரே அடைவில் கொட்டினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். நாளுக்கு ஓர் அடைவு, தேதியும் இடமும் பெயராக.

19 மார்ச், இரவு 9.30

முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கை இன்றுதான் போட்டேன். 600 படம். ரா ஒன்று 15 எம்பி, கூடவே ஜேபெக் 6 எம்பி என்று வைத்தால் மொத்தம் 12.6 ஜிபி. ஒரு 32 ஜிபி பென்டிரைவில் பாதிகூட நிரம்பாது. லேப்டாப்பில் இடமில்லை என்ற கவலைக்கு விடை இரண்டு பென்டிரைவ். சுருக்குவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது தங்கச்சி. நான்தான் விளக்கத்தில் போய் விழுந்துவிட்டேன்.

11 ஏப்ரல், மாலை 7.05

தங்கச்சி தொண்டியில் முதல் சுற்று முடித்து ஒரு ரா கோப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து திறந்தேன். வெள்ளைத் துண்டைத் தொட்டு நிறத்தை நேராக்கினேன். மணல் மணலாகியது. சட்டத்தின் வலது கீழ் மூலையில் ஓர் இலை மேலே வளைந்து நிற்கிறது, பக்கத்தில் சின்ன நத்தை ஒன்று. இலை நுனியைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். பல் தெரிகிறது, ஒவ்வொன்றாக. ஏழு வரை எண்ணினேன். சைமோடோசியா செருலாட்டா.